ராணுவத் தளவாடங்களுக்கான குறைந்த வி.ஓ.சி. பெயின்டும் பிரைமரும்: ராமநாதபுரம் கடற்கரையில் சோதிக்கும்போது வரும் கோளாறுகள்

உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. எந்தக் காற்று அடித்தாலும் அது உப்போடுதான் வரும். ஆவியாகும் கரிமக் கரைப்பான் (வி.ஓ.சி.) குறைவாக உள்ள பெயின்டையும் பிரைமரையும் (அடிப்பூச்சையும்) வாகன பாடி, ரேடார் கம்பம், ஜெனரேட்டர் கூண்டு, படகின் மேல்தளம் ஆகியவற்றுக்காக இங்கே சோதிக்கும்போது, சில கோளாறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பழைய கரைப்பான் பெயின்ட் பொறுத்துக்கொண்ட பல தவறுகளைத் தண்ணீர் கலந்த எபாக்சி (இரு பாகப் பிசின்) பிரைமர் பொறுக்காது. அதனால் பெயின்டே சரியில்லை என்று எழுதி மூடிவிடுகிறார்கள். உப்பு, தண்ணீர், நேரம் மூன்றையும் அளந்து பார்க்காமல் அப்படி எழுதுவது அந்தப் பெயின்டுக்கும், அதை அடிக்கிறவர்களின் நுரையீரலுக்கும் செய்யும் அநியாயம்.

கண்ணில் படும் அறிகுறியைத் தலைப்பில் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு பிடிக்கும் காரணம் கடைசியிலும் வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் எடுக்க வேண்டிய மூன்று அளவுகள்

உப்பு: 1250 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள பிரெஸ்லே ஒட்டுப்பை (தகட்டில் ஒட்டி, உப்பைத் தண்ணீரில் கரைத்தெடுக்கும் சின்னப் பை), ஊசி சிரிஞ்சு, மைக்ரோசீமன்ஸ் காட்டும் கடத்துதிறன் மீட்டர் வேண்டும். ஒரு சின்னக் குவளையில் 15 மி.லி. பேட்டரித் தண்ணீர் எடுத்து அதன் கடத்துதிறனைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 3 மி.லி. சிரிஞ்சில் எடுத்துப் பைக்குள் செலுத்தி, உறிஞ்சி, மறுபடி செலுத்தி, குவளையில் திரும்ப விடுங்கள். இதை நான்கைந்து முறை செய்தபின் குவளைத் தண்ணீரை மறுபடி அளந்து, கூடிய அளவை 6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு என்று கிடைக்கும். முதலில் 2, பிறகு 20 என்றால் வித்தியாசம் 18, உப்பு 108. மொத்தமே 3 மி.லி. தண்ணீரில் சோதித்தால் பெருக்க வேண்டியது 1.2. இந்த இரண்டு எண்ணையும் மாற்றிப் போட்டு, உப்பான தகட்டைச் சுத்தம் என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. கப்பலின் பாலாஸ்ட் தொட்டிகளுக்கு 2006-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு வைத்த எல்லை சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம். உங்கள் விவரக்குறிப்பு அதைவிடக் குறைவாகக் கேட்டால் அதுதான் எல்லை.

பனிப்புள்ளி (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை): தகட்டின் வெப்பம் பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனிப்புள்ளி ஏறக்குறைய 27.2. தகடும் 30 டிகிரியில் இருந்தால் இடைவெளி 2.8 தான், அடிக்கக் கூடாது. 32 டிகிரி, 75 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 27. இடைவெளி 5, அடிக்கலாம். காற்றின் வெப்பத்தை வைத்து முடிவெடுக்காமல் தகட்டின் மேல் தொடுவெப்பமானி வைத்துப் பாருங்கள். கான்கிரீட் தரையில் இரவெல்லாம் கிடந்த கனத்த தகடு காலை ஒன்பது மணிக்கும் குளிர்ந்தேதான் இருக்கும்.

தண்ணீர்: பிரைமரில் கலப்பதற்கும் கடைசியாகத் தகட்டைக் கழுவுவதற்கும் ஒரே தரத்துத் தண்ணீர் வேண்டும். போர் தண்ணீர் கூடவே கூடாது. குழாயில் வருவது காவிரிக் கூட்டுக் குடிநீரே ஆனாலும் மீட்டரை விட்டுப் பாருங்கள். பேட்டரித் தண்ணீரைக் கேன் கேனாகச் சோதித்து, 10 மைக்ரோசீமன்ஸுக்கு மேல் காட்டினால் ஒதுக்கிவிடுங்கள்.

அறிகுறி: பிரைமர் காயும் முன்பே பழுப்பு நிறம்

தண்ணீர் பிரைமரில் அதிகம் வரும் புகார் இதுதான். பழுப்பு எந்த வடிவத்தில் வருகிறது என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

*தகடு முழுக்க ஒரே சீராக இளம்பழுப்பு என்றால்* தண்ணீர் வெளியேறத் தாமதமாகியிருக்கிறது. ஈரப்பதத்தைப் பாருங்கள். 85 சதவீதம் பொதுவான மேல் எல்லை. தண்ணீர் பிரைமர் சீராகக் காய 70-க்குக் கீழே இருப்பது நல்லது. காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் ஈரப்பதம் 65 இருந்தாலும், படலத்தின் மேலே ஈரக் காற்று நகராமல் தேங்கி நிற்கும். மின்விசிறியைத் தகட்டை நோக்கி வைக்காமல், கொட்டகைக் காற்றை வெளியே தள்ளும்படி வையுங்கள். நேராக வைத்தால் மேல்தோல் முதலில் மூடிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காற்றுலர்த்தி இல்லாமல் இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம்.

*அங்கங்கே புள்ளி புள்ளியாக என்றால்* உப்பு. பழைய துருக்குழி இருந்த இடத்தில்தான் புள்ளி வரும். பிளாஸ்டிங் (மணல் போன்ற துகளை வேகமாக வீசித் துரு எடுப்பது) செய்த தகடு வெள்ளி மாதிரி மின்னினாலும் குழிக்குள் உப்பு இருக்கும். மணல் வீச்சு அதை எடுப்பதில்லை, சில நேரம் உள்ளே அடித்து இறுக்கிவிடும். வரிசை இப்படி இருக்கட்டும்: நல்ல தண்ணீரில் அழுத்திக் கழுவல், காயவைத்தல், பிளாஸ்டிங், ஒட்டுப்பைச் சோதனை, உப்பு மிஞ்சினால் மறுபடி கழுவல், லேசாக மறுபடி பிளாஸ்டிங், மறுபடி சோதனை. கழுவிய தகட்டைத் திறந்த வெளியில் ஒரு ராத்திரி வைத்தால் செய்ததெல்லாம் வீண். கடற்காற்று விடிவதற்குள் புது உப்பு படிய வைத்துவிடும்.

*வெல்டிங் ஓரம் மட்டும் பழுப்பு என்றால்* வெல்டிங் ராடின் பூச்சுக் கசடு மிஞ்சியிருக்கிறது. கசடையும் தெறிப்பு மணிகளையும் கிரைண்டரில் எடுத்து, அந்த இடத்தை மட்டும் கழுவி, பி.எச். தாளை ஒட்டிப் பாருங்கள். தாளின் நிறம் கழுவிய தண்ணீரின் நிறத்தோடு ஒத்துப்போகும் வரை கழுவுங்கள்.

*தகடு, கழுவல், காற்று எல்லாம் சரி, ஆனாலும் வருகிறது என்றால்* பிளாஸ்டிங் கிரிட்டை (வீசும் துகளை) சந்தேகியுங்கள். சாக்கைப் பிரித்து வெளியில் போட்ட கிரிட் உப்பை வாங்கிக்கொள்ளும். 100 கிராம் கிரிட்டை 100 மி.லி. பேட்டரித் தண்ணீரில் குலுக்கித் தெளியவிட்டு, மேல் தண்ணீரை அளங்கள். 250 மைக்ரோசீமன்ஸுக்கு மேல் போனால் அந்தச் சாக்கு வேண்டாம். தண்ணீரின் மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் வேண்டாம். அடுத்தது வாளி. தண்ணீர் பிரைமரைச் சாதா இரும்பு வாளியிலோ, இரும்புக் கம்பியாலோ கலக்கக் கூடாது. பிளாஸ்டிக் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். கடைசியாகப் பிரைமர் டின். தகரக் கூரையின் கீழே சித்திரை வெயிலில் கிடந்த டின்னில் பால்மம் உடைந்து, பிசினும் தண்ணீரும் பிரிந்திருக்கலாம். நைலான் வடிகட்டியில் ஊற்றினால் தயிர்க்கட்டி போலத் தங்கும். அதைக் கலக்கிச் சரிசெய்ய முடியாது.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* இரண்டு முறை கழுவி பிளாஸ்டிங் செய்தும் உப்பு 50-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், 2000 பாருக்கு மேல் நீர்ப்பீச்சு செய்யும் ஒப்பந்ததாரர் வேண்டும். அந்த அழுத்தம் கையை வெட்டிவிடும். சாதாரணக் கார் கழுவும் பம்பை வைத்து அந்த வேலைக்கு முயல வேண்டாம்.

அறிகுறி: படலம் பிசுபிசுக்கிறது, அல்லது மேலே எண்ணெய் தடவியது போல இருக்கிறது

நகத்தால் கீறிப் பாருங்கள்.

*அடியில் கெட்டி, மேலே மட்டும் வழவழப்பு:* எபாக்சி ஹார்டனரில் (இறுக வைக்கும் பாகத்தில்) உள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே படிந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்த இடத்தில் பி.எச். தாளை வைத்தால் காரம் காட்டும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மிதமான சோப்புக் கரைசல், நைலான் தேய்ப்பான் போதும். பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். தின்னரில் துடைப்பது படிவை எடுக்காது, பரப்பித்தான் விடும். இதன் மேலேயே டாப்கோட் (மேல்பூச்சு) அடித்தால் மூன்று மாதத்தில் தாள் தாளாக உரியும், பிறகு குற்றம் டாப்கோட் மேல் போகும்.

*முழுக்க மெத்தென்று இருக்கிறது:* கலவை விகிதம். உற்பத்தியாளரின் தரவுத்தாளில் விகிதம் கன அளவிலா எடையிலா என்று பாருங்கள். கன அளவில் 4-க்கு 1 என்பது எடையில் 4-க்கு 1 ஆகாது, ஏனென்றால் பேஸில் (நிறம் உள்ள பாகத்தில்) நிறமித்தூள் கனம். தராசில் நிறுப்பதானால் இரண்டின் அடர்த்தியையும் வைத்துக் கணக்கை மாற்றுங்கள். கலக்கும் முறையும் முக்கியம். தரவுத்தாள் வேறு சொல்லாவிட்டால் பேஸும் ஹார்டனரும் முதலில் ஒன்றாகி நிறம் ஒரே சீராக வரவேண்டும். அதன் பிறகுதான் தண்ணீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. தண்ணீரை முதலில் ஊற்றினால் ஹார்டனர் திட்டுத் திட்டாகத் தங்கிவிடும்.

*சில பேனல் (சோதனைத் தகடு) கெட்டி, சில மெத்து, எல்லாம் ஒரே வாளி:* நேரம். கரைப்பான் எபாக்சி, கலவையின் ஆயுள் (கலந்தபின் அடிக்கத் தகுந்த நேரம்) முடிந்தால் வாளியில் கெட்டியாகும், ஆளுக்குத் தெரியும். தண்ணீர் எபாக்சி பல நேரம் கெட்டியாவதே இல்லை. நேரம் முடிந்த பிறகும் தண்ணீராக ஓடும், தகட்டில் ஒழுங்காகப் பரவும், ஆனால் இறுகாது, ஒட்டாது. கலந்த நேரத்தை வாளியின் மேலேயே எழுதுங்கள். தரவுத்தாளின் ஆயுள் 23 அல்லது 25 டிகிரிக்குச் சொன்னது. பத்து டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகும் என்று வைத்துக்கொண்டு, பங்குனிப் பகலில் சின்னச் சின்னதாகக் கலக்குங்கள்.

இறுகியதா என்று உறுதிசெய்ய, தரவுத்தாள் சொல்லும் இறுகல் நாட்கள் முடிந்த பின் எம்.இ.கே. கரைப்பானில் நனைத்த பருத்தித் துணியால் 25 இரட்டைத் தேய்ப்பு தேயுங்கள். நிறம் துணியில் ஏறி உலோகம் தெரிந்தால் இறுகவில்லை. அப்படிப்பட்ட பேனலை உப்புப்புகைப் பெட்டியில் (உப்புக் கரைசலைத் தூவி அரிப்பைச் சோதிக்கும் பெட்டியில்) வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சுரண்டி மறுபடி அடிப்பதுதான் வழி.

அறிகுறி: டாப்கோட்டில் முள்துளை, குமிழ்

பாலியூரித்தேன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு வரும். தண்ணீரில் கரையும் வகையில் இது ஓரளவு இயல்பு, மெல்லிய படலத்தில் வாயு வெளியேறிவிடும். தடித்து அடித்தால் மாட்டிக்கொள்ளும். எனவே முதல் சோதனை ஈரப்படல அளவுச் சீப்பு (காயாத படலத்தின் தடிமனைக் காட்டும் பல் வைத்த தகடு). ஈரத்தில் 100 மைக்ரான், கன அளவில் திடப்பொருள் 45 சதவீதம் என்றால் காய்ந்தபின் 45 மைக்ரான். பத்து சதவீதம் தண்ணீர் சேர்த்திருந்தால் 41 தான் வரும். இந்தக் கணக்கைப் போடாமல், "கொஞ்சம் மெல்லிசா இருக்கு" என்று இன்னொரு கை அடிப்பதில்தான் குமிழ் வருகிறது. இரண்டு மெல்லிய கை அடித்து, இடையே மேற்பரப்பு மங்கும் வரை விடுங்கள்.

தடிமன் சரி என்றால் தகட்டுச் சூடு. வெயிலில் நின்ற தகடு கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் மேல்தோல் உடனே மூடி, உள்ளே இருப்பது வெடித்துக்கொண்டு வரும். காலைப் பனி காய்ந்த பிறகு, கடற்காற்று வேகமெடுக்கும் முன் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் இங்கே அடிக்கத் தகுந்த நேரம்.

அதுவும் சரி என்றால் கம்ப்ரஸர். ஒரு வெள்ளை உறிஞ்சுதாளைக் குழாய் முனையிலிருந்து 60 செ.மீ.க்குள் பிடித்து 1 நிமிடம் காற்றை விடுங்கள். ஈரமோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால் தொட்டியை வடித்து, வடிகட்டி மாற்றுங்கள். பிறகு ஹார்டனர் டின்: திறந்து மூடிய டின்னில் வெள்ளை ஓடு, பிசின் கட்டி, மூடி உப்பியிருப்பது ஆகியவை கெட்டுப்போனதன் அடையாளம். இந்த ஊர் ஈரத்தில் பாதி டின்னை மறு வாரத்துக்கு எடுத்துவைப்பது வேண்டாம். சோதனைக்குச் சின்ன டின்னாகவே வாங்குங்கள்.

குமிழை பிளேடால் வெட்டிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பள்ளம் டாப்கோட்டோடு நின்றால் மேலே சொன்ன காரணங்கள். பிரைமர் வரை இறங்கினால் பிரைமரிலேயே தண்ணீர் மிச்சம் இருந்திருக்கிறது, இடைவெளி நேரத்தைக் கூட்டுங்கள். உலோகம் வரை என்றால் வார்ப்பிரும்போ துத்தநாகப் பிரைமரோ அடியில் இருக்கிறது. தண்ணீர் போல ஓடும்படி நீர்த்த ஒரு மெல்லிய கை அடித்து விட்டுப் பிறகு முழுக் கை அடியுங்கள்.

அறிகுறி: அடித்த கொஞ்ச நேரத்தில் வெண்புகை படிந்தது போல மங்கல்

வி.ஓ.சி. கணக்கைக் குறைக்க அசிட்டோன் சேர்த்த கரைப்பான் பெயின்டுகளில் வரும். அமெரிக்காவில் 1995 முதல் அசிட்டோன் வி.ஓ.சி. கணக்கிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது, அதனால் பல தயாரிப்புகளில் இருக்கும். மிக வேகமாக ஆவியாவதால் படலம் குளிர்ந்து, நம் காற்றின் ஈரம் அதன் மேலேயே பனியாக இறங்கும். பனிப்புள்ளி இடைவெளி 3 போதாது, இதற்கு 5 வையுங்கள். உற்பத்தியாளர் தரும் மெதுவான தின்னருக்கு மாறலாம், ஆனால் அது வி.ஓ.சி.யைக் கூட்டும். அசிட்டோன் தீப்பற்றும் நிலை மைனஸ் 20 டிகிரி. பக்கத்தில் கிரைண்டர் ஓடக் கூடாது.

அறிகுறி: குறுக்குவெட்டுச் சோதனையில் டேப்போடு பெயர்ந்து வருகிறது

படலத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் வெட்டி, டேப் ஒட்டி இழுத்துப் பார்ப்பது இந்தச் சோதனை. முதலில் சோதனையையே சோதியுங்கள். இரும்பில் படலம் 60 மைக்ரான் வரை 1 மி.மீ. இடைவெளி, 120 வரை 2 மி.மீ., 250 வரை 3 மி.மீ. என்பது ஐ.எஸ்.ஓ. 2409 என்ற சர்வதேசத் தரநிலை. அதற்கு மேல் தடிமனுக்கு இந்த முறை பொருந்தாது. நெருக்கமாக வெட்டினால் நல்ல படலமும் தெறிக்கும். மதிப்பெண்ணிலும் குழப்பம் உண்டு: ஐ.எஸ்.ஓ. முறையில் 0 சிறந்தது, 5 மோசம், ஏ.எஸ்.டி.எம். டி 3359 என்ற அமெரிக்கத் தரநிலையில் 5பி சிறந்தது, 0பி மோசம். அறிக்கையில் எந்த முறை என்று எழுதாமல் "மதிப்பு 0" என்று மட்டும் வந்தால் அந்த அறிக்கையை ஏற்க வேண்டாம். உலர்ந்த பேனலில் தேறியது ஈரத்தில் தோற்கலாம். 24 மணி நேரம் பேட்டரித் தண்ணீரில் ஊறவைத்து, எடுத்துத் துடைத்த உடனே வெட்டி டேப் ஒட்டிப் பாருங்கள். இந்தக் கடற்கரைக்கு அந்த ஈரச் சோதனைதான் பேசும்.

பெயர்ந்த துண்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

*அடியில் பளிச்சென்று உலோகம் தெரிகிறது:* இரும்பானால் சொரசொரப்பு போதவில்லை, அல்லது எண்ணெய். அலுமினியமானால் பெரும்பாலும் சுத்தம் போதவில்லை. சுத்தம் செய்த அலுமினியத்தின் மேல் பேட்டரித் தண்ணீரை ஊற்றி 30 விநாடி பாருங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாக நிற்க வேண்டும். தாமரை இலையில் போலத் திரண்டு ஓடினால் எண்ணெய் இருக்கிறது. அலுமினியத்தை இரும்புக் கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது, இரும்புத் தூசி பதிந்து பிறகு அதுவே அரிப்பைத் தொடங்கும். காரச் சோப்பும் வேண்டாம். ரசாயன மாற்றுப்பூச்சு (உலோகத்தின் மேற்பரப்பையே ரசாயனத்தால் மாற்றும் காப்புப் படலம்) செய்த தகட்டை அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள்.

*அடியில் பிரைமர் நிறம், அதாவது டாப்கோட் மட்டும் வந்தது:* மறுகை அடிக்கும் காலக்கெடு தாண்டிவிட்டது, அல்லது அமீன் படிவு, அல்லது இடையில் சாம்பல். முதுகுளத்தூர், கமுதி பக்கம் சீமைக்கருவேலக் கரிமூட்டம் போடும் நாட்களில், காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால், காயாத பிரைமரில் மெல்லிய சாம்பல் இறங்கியிருக்கும். கறுப்புத் துணியால் துடைத்தால் தெரியும். கழுவி, லேசாக எமரி போட்டு, துடைத்து, பிறகு டாப்கோட்.

*பிரைமரே நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் பிரைமர்:* கலவை விகிதம் அல்லது நேரம். மேலே பிசுபிசுப்புப் பகுதியைப் பாருங்கள்.

படலத்தின் மேல் 20 மி.மீ. உலோகப் பிடியைப் பசையால் ஒட்டி, இழுவை இயந்திரத்தில் இழுத்துச் சோதிப்பவர்கள், எண்ணை மட்டும் பார்க்காமல் எங்கே பிரிந்தது என்பதைச் சதவீதத்தோடு எழுதுங்கள். பசையே பிரிந்தால் அது பெயின்டின் அளவு அல்ல. மெல்லிய பேனல் இழுக்கும்போது வளைந்து, எண்ணைக் குறைத்துக் காட்டும். கனத்த தகட்டில் மறுபடி செய்யுங்கள்.

இங்கே வேலையை நிறுத்திவிடுங்கள்

இந்தப் பகுதியில் யாரும் சுருக்குவழி போக வேண்டாம்.

பழைய ராணுவ உபகரணத்தில் மஞ்சள் அல்லது மஞ்சள்பச்சைப் பிரைமர் தெரிந்தால் குரோமேட் என்றே எண்ணுங்கள். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தருவது. அதை உலர்வாக எமரி போடுவது, பிளாஸ்டிங் செய்வது கூடாது. டைஃபினைல் கார்பஸைடு துடைப்பு ஊதாவாக மாறினால் உறுதி. மூடிய அறை, உறிஞ்சி, முழு உடை உள்ள உரிமம் பெற்ற ஆட்களை அழையுங்கள். கழிவும் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். மணலில் கொட்டினால் அது கிணற்றுக்கு வரும்.

வி.ஓ.சி. குறைவு, வாசனை இல்லை என்பதால் பாலியூரித்தேன் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். ஐசோசயனேட்டுக்கு எச்சரிக்கும் வாசனையே இல்லை, ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு துளி பட்டாலும் மூச்சுத்திணறல் வரும். ஸ்பிரே அடிப்பவருக்கு வெளிக்காற்று தரும் முகமூடி கொடுங்கள். துணியைக் கட்டிக்கொண்டு அடிக்க யாரையும் விடாதீர்கள்.

அதிவலு போல்ட், ஸ்பிரிங், விமானச் சக்கரக்கால் போன்ற பாகங்களில் அமிலத் துருநீக்கி வைக்காதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே இறங்கிப் பாகம் முன்னறிவிப்பில்லாமல் உடையும். ரேடார் மூடி, ஆன்டெனா ஆகியவற்றின் மேல் ஒரு கை கூட உரிய எழுத்து அனுமதி இல்லாமல் அடிக்கக் கூடாது. தடிமன் மாறினாலும், உலோகத்தூளோ கரித்தூளோ உள்ள பெயின்ட் பட்டாலும் அலை தடுமாறும்.

அறிகுறி: சில வாரத்தில் கொப்புளம்

ஊசியால் குத்தி, உள்ளே நீர் இருக்கிறதா என்று பாருங்கள். நீர் இருந்து, அடியில் உலோகம் கறுப்பாகவோ பளிச்சென்றோ இருந்தால், அடியில் மாட்டிய உப்பு தண்ணீரைப் படலம் வழியாக உள்ளே இழுத்திருக்கிறது. வழி ஒன்றுதான்: சுரண்டி, கழுவி, ஒட்டுப்பைச் சோதனை செய்து மறுபடி அடிப்பது. மேலே இன்னொரு கை அடிப்பது பணத்தைக் கடலில் போடுவது. கடல் உப்பில் சாதா உப்பு ஏறக்குறைய 75 சதவீத ஈரத்தில் கசிய ஆரம்பிக்கும். கூடவே இருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கசியும். நம் ஊரில் காற்று அதற்குக் கீழே வறண்டு போவது அபூர்வம். எனவே பேனலின் அடியில் விட்ட உப்பு ஒரு நாளும் தூங்காது.

கொப்புளத்தில் நீர் இல்லை, உள்ளே காய்ந்திருக்கிறது என்றால் மாட்டிய கரைப்பானோ சூடோ காரணம். கொப்புளம் ஓரத்திலும் ஓட்டையிலும் மட்டும் என்றால் விளிம்பில் படலம் மெலிந்திருக்கிறது. கூர்மையான விளிம்பை 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டி, தூரிகையால் ஒரு கை தனியாகப் பூசிவிட்டு ஸ்பிரே அடியுங்கள். போல்ட் தலை, மடிப்பு, வெல்டிங் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். அலுமினிய பாடியில் ஸ்டெயின்லெஸ் போல்டைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பொடியோடு வந்தால் அது இரு உலோக அரிப்பு. இடையே காப்பு வாஷரும் அடைப்புப் பசையும் இல்லாமல் எந்தப் பிரைமரும் காப்பாற்றாது.

எழுதும்போது ஏ.எஸ்.டி.எம். டி 714 முறையில் அளவையும் நெருக்கத்தையும் தனித்தனியே எழுதுங்கள். அளவு 10 என்றால் கொப்புளமே இல்லை, 2 பெரியது.

அறிகுறி: உப்புப்புகைப் பெட்டியில் தேறிய பிரைமர் கடற்கரைத் தாங்கியில் (பேனல்களைத் திறந்த வெளியில் வைக்கும் சட்டத்தில்) தோற்கிறது, அல்லது தலைகீழாக

முதலில் பெட்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று பாருங்கள். ஏ.எஸ்.டி.எம். பி 117 கேட்பது: 35 டிகிரி, எடையில் 5 சதவீத உப்புக் கரைசல், 80 சதுர செ.மீ. புனலில் மணிக்கு 1 முதல் 2 மி.லி. சேகரிப்பு, சேகரித்த நீரின் பி.எச். 6.5 முதல் 7.2, பேனல் செங்குத்திலிருந்து 15 முதல் 30 டிகிரி சாய்வு. சேகரிப்பு குறைந்தால் முனை அடைப்பு, பி.எச். தவறினால் தண்ணீர் அல்லது உப்பு. வாலிநோக்கம் உப்பளத்து உப்பு சமையலுக்கு நல்லது, இதற்கு ஆகாது. அதிலுள்ள மக்னீசியமும் சல்பேட்டும் கரைசலை மாற்றிவிடும். ஆய்வக உப்புதான் வேண்டும்.

பெட்டி சரியாக ஓடியும், எந்தப் பிரைமர் சிறந்தது என்ற வரிசை பெட்டியிலும் வெளியிலும் மாறினால் அது பெட்டியின் பிழை அல்ல. பெட்டிக்குள் வெயிலும் இல்லை, நனைந்து காயும் சுற்றும் இல்லை. எம்.ஐ.எல்-பி.ஆர்.எஃப்-23377 போன்ற அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரைமர் விவரக்குறிப்புகள் 2000 மணி நேர உப்புப்புகை கேட்கின்றன. அந்தச் சோதனையில் தேறியதை மட்டும் வைத்துக் குரோமேட் இல்லாத பிரைமரை இந்தக் கரைக்குத் தேர்ந்தெடுப்பது சரியல்ல. ஒரே நாளில் ஒரே வாளியிலிருந்து அடித்த பேனல்களில் பாதியைப் பெட்டிக்கும் பாதியை வெளித்தாங்கிக்கும் கொடுங்கள். சோதனைக்காகப் பேனலில் போடும் கீறல் உலோகம் வரை இறங்கியதா என்று மல்டிமீட்டரில் தொட்டுப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மண்டபத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் வெளிச் சோதனை மையம் நெடுங்காலமாக இயங்குகிறது. ஒப்பந்தத்தில் மோதும் அளவு முடிவு வந்தால் பேனல்களை அங்கே கொடுத்து மூன்றாம் தரப்பு அறிக்கை வாங்குவது நல்லது.

அறிகுறி: ராணுவப் பச்சை டாப்கோட் திட்டுத் திட்டாகப் பளபளக்கிறது

மங்கல் டாப்கோட்டைத் துணியால் அழுத்தித் துடைத்தால் மெருகேறிப் பளபளக்கும். பாலிமர் மணிகளால் மங்கல் தரும் தண்ணீர் டாப்கோட்டில் இது குறைவு. அடிக்கும்போது தடிமன் மாறினாலும், டின்னின் அடியில் தங்கியதைக் கலக்காமல் விட்டாலும் திட்டு வரும். டின்னைக் கவிழ்த்துக் குலுக்கியில் கலக்குங்கள். தொட்டுப்பூச வேறு கடைப் பச்சை வாங்காதீர்கள். கண்ணுக்கு ஒத்துப்போகும், அகச்சிவப்பைப் பார்க்கும் இரவுக் கருவியில் கறுப்புத் திட்டாகத் தெரியும். அகச்சிவப்புப் பிரதிபலிப்பை ஆய்வகக் கருவியில்தான் அளக்க முடியும்.

அறிகுறி: வி.ஓ.சி. அளவு டின்னில் எழுதியதைவிட அதிகம்

முதல் கேள்வி: எந்த அளவு? அடர்த்தி 1.25, பெயின்டின் எடையில் மொத்த ஆவியாகும் பொருள் 48 சதவீதம், அந்த 48-ல் 42 தண்ணீர் என்று வையுங்கள். பெயின்ட் லிட்டருக்கு 75 கிராம். அதே பெயின்டைத் தண்ணீர் கழித்த கணக்கில் போட்டால் 158 கிராம். இரண்டும் உண்மை. டின்னில் ஒன்றும் ஒப்பந்தத்தில் மற்றதும் இருந்தால் சண்டை வரும்.

இரண்டாவது: தின்னர் ஊற்றினார்களா? எல்லை அடிக்கும் நிலையில் உள்ள கலவைக்குத்தான். மேலே சொன்ன 23377, அதே வரிசையில் தண்ணீர் பிரைமருக்கான 85582 இரண்டு விவரக்குறிப்பிலும் லிட்டருக்கு 340 கிராம். அந்த எல்லையில் நிற்கும் ஒரு லிட்டரில் 0.87 அடர்த்தியுள்ள தின்னர் 100 மி.லி. ஊற்றினால் 388 ஆகிவிடும், பேனல்கள் எல்லாம் விவரக்குறிப்புக்கு வெளியே.

மூன்றாவது: அடுப்புச் சோதனை. ஏ.எஸ்.டி.எம். டி 2369 முறையில் அலுமினியத் தட்டில் அரை கிராம் அளவு எடுத்து, 110 டிகிரியில் 1 மணி நேரம். இரு பாகப் பெயின்டைக் கலந்த உடனே அடுப்பில் வைத்தால், வினைபுரிய வேண்டிய ஹார்டனரும் பறந்து கணக்கில் ஏறும். குறைந்தது 1 மணி நேரம் அறை வெப்பத்தில் விட்டு வையுங்கள். இரண்டு தட்டு ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது போடுங்கள்.

நான்காவது, செலவு பிடிப்பது: தண்ணீர் அளவு. மேலே சொன்ன உதாரணத்தில் தண்ணீரை 42-க்குப் பதில் 41 சதவீதம் என்று அளந்தால் 158 என்பது 180 ஆகிவிடும். ஒரே ஒரு சதவீதப் பிழை. வி.ஓ.சி. எவ்வளவு குறைவோ, கழித்துக் கண்டுபிடிக்கும் இந்த முறை அவ்வளவு தடுமாறும். தண்ணீர் பெயின்டில் எண் எல்லையை ஒட்டி வந்தால், கரைப்பான்களை நேரடியாக அளக்கும் வாயுப்பிரிகை முறைக்கு, ஐ.எஸ்.ஓ. 11890-2 அல்லது ஏ.எஸ்.டி.எம். டி 6886 செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். திறக்காத டின்னாக, பேஸும் ஹார்டனரும் தனித்தனியே, இரண்டின் தொகுதி எண்ணோடு, கலவை விகிதமும் சேர்த்த தண்ணீரின் அளவும் எழுதி அனுப்ப வேண்டும். தண்ணீர் கழித்தும் கழிக்காமலும் இரண்டு எண்ணையும் அறிக்கையில் கேளுங்கள். அசிட்டோன் இருந்தால் அதைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். அது கணக்கில் வருமா வராதா என்பது ஒப்பந்தம் எந்த நாட்டு விதியைப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.